ஊரில் அட்டை, சென்னையில் அடுப்பு: கொரோனா காலத்தில் ஒரு கொத்தனார் குடும்பம் உதவி தேடிய நிகழ்வு ஆய்வு

2020 மார்ச் 21, சனிக்கிழமை. கொத்தனாருக்கு அந்த வாரக்கூலி கைக்கு வந்தது. மறுநாள் மக்கள் ஊரடங்கு. செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144 தடை. அன்றிரவே நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு என்று பிரதமர் தொலைக்காட்சியில் சொன்னார். அடுத்த சனிக்கிழமை கூலி இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை.

வடசென்னையில் நாங்கள் இருக்கும் தெருவுக்குப் பின்தெருவில்தான் அந்தக் குடும்பம் குடியிருந்தது. அவருடைய மகள் என்னிடம் மாலையில் டியூஷன் படித்தாள். அந்தப் பழக்கத்தில்தான் அவள் அம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்னை அக்கா என்று கூப்பிடுவாள், அதனால் இங்கே அவளைத் தங்கை என்றே எழுதுகிறேன். யாரென்று தெரியாமல் இருக்க, பெயரையும் தெருவையும் கடை எண்ணையும் விட்டுவிட்டேன். அந்த ஏப்ரலில் தொடங்கி அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை இந்தக் குடும்பத்துக்காக எங்கெல்லாம் கேட்டோம், எது கிடைத்தது, எது ஏன் கிடைக்கவில்லை என்பதை எழுதி வைப்பது அவசியம் என்று படுகிறது. உதவித் திட்டங்கள் பற்றிய செய்திகள் நிறைய வந்தன. ஒரு வீட்டு அடுப்பு வரைக்கும் அவை எப்படி வந்து சேர்ந்தன என்று யாரும் விரிவாக எழுதி நான் பார்க்கவில்லை.

குடும்பமும் அதன் தாள்களும்

கொத்தனாரின் சொந்த ஊர் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் ஒரு கிராமம். சென்னைக்கு வந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. தங்கை மூன்று வீடுகளில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. நான்கு வயது மகன் அங்கன்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒற்றை அறை வாடகை வீடு. கொத்தனாரின் அம்மா ஊரிலேயே இருந்தார். அவருக்கு மாதம் 1,000 ரூபாய் முதியோர் உதவித்தொகை வந்துகொண்டிருந்தது.

குடும்ப அட்டை ஊரில், மாமியார் பெயரில். அதில் நான்கு பேர்: மாமியார், கொத்தனார், தங்கை, மகள். மகன் பெயரைச் சேர்க்கவே இல்லை. “போய்ச் சேர்க்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தோம்க்கா” என்றாள். ஒன்பது வருடம் சென்னையில் இருந்தும் அட்டையை மாற்றாததற்குக் காரணம் சோம்பல் கிடையாது. அந்த அட்டையில் வரும் அரிசியில்தான் மாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெயர்களை எடுத்தால் அவருக்கு அளவு குறைந்துவிடும் என்ற பயம். இன்னொன்று, சென்னை முகவரிக்கு ஆதாரம் வேண்டும். வீட்டுக்காரம்மா வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மாட்டேன் என்று சொல்லிவிட்டார். எழுதிக் கொடுத்தால் வீடே கையை விட்டுப் போய்விடும் என்று யாரோ அவரைப் பயமுறுத்தியிருந்தார்கள்.

சென்னையில் வாடகைக்கு இருக்கும் எத்தனையோ குடும்பங்களின் நிலைமை இதுதான். சாதாரண நாளில் இது ஒரு குறையாகவே தெரியாது. கூலி வரும், கடையில் அரிசி வாங்கிக்கொள்வார்கள்.

வந்த அறிவிப்புகள்

மார்ச் 24 அன்று தமிழக அரசு 3,280 கோடி ரூபாய் நிவாரணத்தை அறிவித்தது. அரிசி அட்டை வைத்திருக்கும் எல்லாருக்கும் 1,000 ரூபாய், ஏப்ரல் மாத அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை விலையில்லாமல். இரண்டு கோடிக்கும் அதிகமான அட்டைகள். நல வாரியத்தில் பதிந்த கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் தனியாக 1,000 ரூபாய், 15 கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு, ஒரு கிலோ எண்ணெய். வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கும் அதே 15 கிலோ அரிசியும் பருப்பும் எண்ணெயும். இரண்டு நாள் கழித்து மத்திய அரசின் அறிவிப்பு: ரேஷனில் ஆளுக்கு மாதம் 5 கிலோ கூடுதல் தானியம், குடும்பத்துக்கு ஒரு கிலோ பருப்பு, ஜன்தன் கணக்கு வைத்திருக்கும் பெண்களுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் மூன்று மாதம்.

டிவியில் இதையெல்லாம் கேட்டவர்களுக்கு ஒரு நிம்மதி வந்தது. தங்கைக்கும் வந்தது. ஏப்ரல் 2-ம் தேதியிலிருந்து பணம் கொடுக்கத் தொடங்கினார்கள். தேதியும் நேரமும் போட்ட டோக்கன் வீடு வீடாக வந்தது. அவள் வீட்டுக்கு வரவில்லை. பக்கத்து ரேஷன் கடைக்குப் போய்க் கேட்டாள். விற்பனையாளர் மரியாதையாகத்தான் பேசியிருக்கிறார்: “உங்க அட்டை எந்தக் கடையில இருக்கோ அங்கதாம்மா பணம். இங்க உங்க பேரே வராது.”

அந்த ஆயிரம் ஊரில் மாமியார் கைக்குப் போனது. அது தப்பும் இல்லை, அவரும் அந்தக் குடும்பம்தான். ஆனால் பஸ் ஓடவில்லை. ஊரில் ஒரு முதியவருக்கு நான்கு பேருக்கான அரிசி. சென்னையில் நான்கு பேர், அரிசிப் பானையில் இரண்டு ஆழாக்கு.

இதில் என் மனதைவிட்டு இன்னும் போகாத ஒன்று உண்டு. கொத்தனார் வேலை பார்த்த அதே கட்டடத்தில் பீகாரிலிருந்து வந்த தொழிலாளர்கள் தங்கியிருந்தார்கள். ஒப்பந்ததாரர் அவர்கள் பட்டியலைக் கொடுத்தார், அரிசியும் பருப்பும் வந்தது. அது சரிதான், அவர்களுக்கு அது கட்டாயம் கிடைத்திருக்க வேண்டியது. ஆனால் அதே சாரத்தில் அவர்களோடு நின்று பூசு வேலை பார்த்தவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. வெளிமாநிலத்துக்காரர் பட்டியலில் சேர அவர் தமிழ்நாட்டுக்காரர். சென்னை அட்டைக்காரர் பட்டியலில் சேர அவர் செங்கத்துக்காரர். நல வாரியத்திலும் பதியவில்லை. பதிந்திருந்த இன்னொரு கொத்தனாருக்கு ஏப்ரலிலேயே கணக்கில் பணம் ஏறிவிட்டது.

காலண்டர் தாள்

அன்று என்னிடம் வந்தபோது அவள் பணம் கேட்கவில்லை. “எங்க போய்க் கேக்கணும்னு மட்டும் சொல்லுங்கக்கா” என்றாள்.

மார்ச் மாதக் காலண்டர் தாளைக் கிழித்துத் திருப்பிப் போட்டு, இருவரும் உட்கார்ந்து எழுதினோம். குடும்பத்தில் ஒவ்வொருவர் பெயரும், அந்தப் பெயர் எந்தெந்த அலுவலகத்தில், எந்தப் பதிவேட்டில் இருக்கிறது என்பதும். குடும்ப அட்டை, ஆதார், வங்கிக் கணக்கு, பள்ளி, அங்கன்வாடி, நல வாரியம், மகளிர் குழு, வேலை பார்த்த வீடுகள். என்ன வேண்டும் என்று தேடுவதைவிட, எங்கே நம் பெயர் இருக்கிறது என்று தேடியதுதான் பலன் கொடுத்தது. அதுவரை அவள் “கவர்மெண்ட் எதாவது குடுக்குதா” என்று எல்லாரிடமும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வாட்ஸப்பில் வந்த ஒரு போலி விண்ணப்பத்தில் ஆதார் எண்ணைக்கூடப் போட்டுவிட்டாள். நல்லவேளை, ஓடிபி கேட்டபோது நிறுத்திவிட்டாள்.

தாளில் எழுதியபோது முதலில் வெளிவந்தது வங்கிக் கணக்கு. சில வருடம் முன்பு ஊருக்குப் போயிருந்தபோது வங்கிக்காரர்கள் கிராமத்துக்கே வந்து பணம் கட்டாமல் கணக்கு தொடங்கிக் கொடுத்தார்களாம். 2014 ஆகஸ்டில் தொடங்கியது ஜன்தன் திட்டம், அது அந்தக் கணக்காக இருக்கலாம் என்று தோன்றியது. பாஸ்புக் ஊரில், மாமியாரின் டிரங்குப் பெட்டியில். மாமியாருக்குப் படிக்கத் தெரியாது. எதிர்வீட்டுப் பையன் பெட்டியைக் குடைந்து பாஸ்புக்கைக் கண்டுபிடித்து, முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினான். ஈரம் பட்டு மை கலைந்திருந்தாலும் கணக்கு எண் தெரிந்தது. கடைசி எண் 6. கூட்டம் கூடாமல் இருக்க, கணக்கு எண்ணின் கடைசி இலக்கப்படி ஏப்ரல் 3 முதல் 9 வரை நாள் பிரித்திருந்தார்கள். 6, 7 என்று முடிந்தால் ஏப்ரல் 8.

அடுத்தது, வேலை பார்த்த மூன்று வீடுகள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டை வெளியாள்களுக்கு மூடிவிட்டார்கள். ஒரு வீட்டில் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதச் சம்பளமும் கொடுத்தார்கள். இன்னொரு வீட்டில் மார்ச்சோடு நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் வேலை செய்த நாளுக்குக்கூட “எல்லாம் சரியாகட்டும், வந்து வாங்கிக்க” என்றார்கள். போன் செய்து கேட்க அவளுக்குக் கூச்சம். நான் கேட்டேன். பாதி வந்தது.

வாடகைக்கு ஒரு பிடிமானம் இருந்தது. மார்ச் 29 அன்று மத்திய உள்துறை, தொழிலாளர்களிடம் ஒரு மாதத்துக்கு வாடகை கேட்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. செய்தித்தாளில் வந்ததை வீட்டுக்காரம்மாவிடம் காட்டினோம். அவருக்கு அந்த வாடகைதான் வருமானம் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லிச் சமாதானமாகப் போனோம்.

மகளிர் குழுவில் தங்கை வாங்கியிருந்த குழுக்கடன்தான் மிகவும் படுத்தியது. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி மூன்று மாதத் தவணையைத் தள்ளிவைக்கலாம் என்றது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தெருவில் பாதிப் பேர் இதைத் தள்ளுபடி என்றே நினைத்துக்கொண்டார்கள். வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும் என்று யாரும் எடுத்துச் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் தலையில் விழும் என்ற பயத்தில் பெண்களே ஒருவரையொருவர் நெருக்கினார்கள். தங்கை ஏப்ரல் தவணையைக் கட்டிவிட்டாள், அதுவும் சாப்பாட்டுக்கு வைத்திருந்த பணத்தில். தள்ளிவைக்கும் உரிமை உனக்கு உண்டு என்று நான் சொன்னது மே மாதத்தில்தான். ஒரு மாதம் முன்பே எனக்குத் தெரிந்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும்.

தபால்காரர்

ஜன்தன் கணக்கில் 500 ரூபாய் ஏறியது சரி, எடுப்பது எப்படி? ஏடிஎம் கார்டு இல்லை, கிளை செங்கத்தில். ஆதார் இணைந்த எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் தபால்காரரிடம் கைரேகை வைத்துப் பணம் எடுக்கலாம் என்று தபால் நிலையத்தில் சொன்னார்கள். எங்கள் பகுதித் தபால்காரர் முகக்கவசம், கையுறையோடு வாசலுக்கே வந்தார்.

கருவியில் வலது கட்டைவிரலை வைத்தாள். எடுக்கவில்லை. இடது கட்டைவிரல், அதுவும் எடுக்கவில்லை. ஆட்காட்டி விரல் இரண்டும் வைத்தாயிற்று. பாத்திரம் தேய்க்கும் சபீனாவிலும் சோப்புத் தண்ணீரிலும் பத்து வருடம் ஊறிய கை, ரேகை தேய்ந்து வழவழவென்று இருந்தது. தபால்காரர் அவசரப்படவில்லை. “கையைக் கொஞ்சம் எண்ணெய் தொட்டுத் தேய்ச்சுத் தொடச்சுட்டு வாம்மா” என்றார். தேங்காய் எண்ணெய் தடவி, முந்தானையில் துடைத்துவிட்டு வந்தாள். கடைசியில் இடது மோதிர விரலைக் கருவி எடுத்துக்கொண்டது. ஐந்து நூறு ரூபாய்த் தாள்கள். அந்தத் திண்ணையில் நின்ற எல்லாருக்கும் ஒரு மூச்சு விட்டது போல இருந்தது.

அப்புறம் மே, ஜூன் மாதங்களில் அவரிடம் நேராக மோதிர விரலையே நீட்டினாள்.

அரிசி வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். செங்கம் பக்கத்திலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு கோயம்பேட்டுக்கு வரும் மினி லாரியில், மாமியார் தனக்கு மிஞ்சிய அரிசியில் ஒரு சிப்பம் கட்டிக் கொடுத்தனுப்பினார். ஏப்ரல் மூன்றாவது வாரம். கொத்தனார் விடியற்காலை சைக்கிளில் போய் எடுத்து வந்தார். நடுவில் இரண்டு இடத்தில் போலீஸ் நிறுத்தினார்கள். சாக்கில் ஊர்க் கடையின் முத்திரையைக் காட்டி விளக்கிச் சொல்லி வந்திருக்கிறார். இன்னொரு சிப்பம் அனுப்பலாம் என்று இருந்தபோது, மே 5-ம் தேதி கோயம்பேடு சந்தையையே மூடிவிட்டார்கள். அந்த வழியும் போனது.

நடுவில் அந்தக் குடும்பத்தை நிறுத்தி வைத்தது அம்மா உணவகம்தான். 2013-ல் தொடங்கிய திட்டம். ஒரு ரூபாய்க்கு இட்லி, ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதம், மூன்று ரூபாய்க்குத் தயிர் சாதம். 30 ரூபாய் இருந்தால் நான்கு பேரும் இரண்டு வேளை ஒப்பேற்றலாம். ஏப்ரல் கடைசியில் சென்னையில் நான்கு நாள் முழு ஊரடங்கு போட்டார்கள். அந்தச் சமயத்தில் அங்கே சாப்பாடு இலவசமானது. அங்கே யாரும் அட்டை கேட்கவில்லை, எந்த ஊர் என்று கேட்கவில்லை. வரிசையில் நின்றால் போதும். அந்தப் பதினேழு மாதத்தில் பெயர் பதியாமல் கிடைத்த அரசு உதவி என்று பார்த்தால் அம்மா உணவகமும் பின்னால் வந்த கோயில் அன்னதானமும்தான். இந்த இரண்டையும் தெரியாதவர்களும் இருந்தார்கள். வரிசையில் நிற்கக் கூச்சப்பட்டவர்கள் அதைவிட அதிகம்.

அங்கன்வாடியில் மகனுக்குச் சத்துமாவு, பள்ளியில் மகளுக்குச் சத்துணவுக்குப் பதிலாக அரிசியும் பருப்பும் பின்னர் கிடைத்தன. டீச்சர் போன் செய்து கூப்பிட்டதால் அதற்கு அலைய வேண்டியிருக்கவில்லை.

ஜூன் ஆயிரம்

சென்னையில் தொற்று ஏறியது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டங்களின் பகுதிகளிலும் மறுபடி முழு ஊரடங்கு. அந்தப் பகுதி அரிசி அட்டைதாரர்களுக்கு இன்னொரு 1,000 ரூபாய்.

இந்தமுறை அது ஊரிலும் வரவில்லை. அட்டை திருவண்ணாமலை மாவட்டத்தில், அங்கே முழு ஊரடங்கு இல்லை. ஊரடங்கில் அடைந்து கிடந்தவர்கள் சென்னையில். அவர்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் தொற்று வந்து, முனையில் தகரம் அடித்துவிட்டார்கள். தகரத்துக்கு உள்ளே இருந்து தங்கை போனில் கேட்டாள்: “நாங்க எந்த ஊர்லதான்க்கா இருக்கோம்?”

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் அட்டையை மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவெடுத்தோம்.

பெயர் நீக்கம்

இந்த ஆய்வில் நான் அதிகம் யோசித்த இடம் இதுதான். இங்கே நடந்ததில் எனக்கும் பங்கு உண்டு.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் ஒரே நாடு ஒரே ரேஷன் வந்தது. எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்றார்கள். ஆனால் ஒரே அட்டையில் மாமியார் ஊரிலும் இவர்கள் இங்கேயும் பங்கிட்டு வாங்குவது நடைமுறையில் சிக்கல். தவிர, இதற்கு முன் கொடுத்த நிவாரணப் பணம் எல்லாம் அட்டை எந்தக் கடையில் பதிவோ அந்தக் கடையில்தான் கிடைத்தது. எனவே தனி அட்டை வேண்டும்.

நடைமுறை இப்படி. ஒரு ஆதார் எண் ஒரு அட்டையில்தான் இருக்கலாம். ஆகவே முதலில் பழைய அட்டையிலிருந்து பெயரை நீக்க வேண்டும், பிறகுதான் புதிய அட்டைக்கு விண்ணப்பிக்க முடியும். பெயர் நீக்க ஓடிபி வரும். அது வருவது அட்டையில் பதிந்த செல்போனுக்கு. பதிந்திருந்ததோ எப்போதோ தொலைந்துபோன ஒரு உறவுக்காரர் எண். அதை மாற்றக் கொத்தனார் ஊருக்குப் போய் வட்ட வழங்கல் அலுவலகத்தில் இரண்டு நாள் நின்றார். அப்படியே மாமியாரிடமும் பக்குவமாகப் பேசிவிட்டு வந்தார். “நீங்க நல்லா இருந்தா சரி, எனக்கு ஒருத்திக்கு எவ்ளோ வேணும்” என்று சொல்லிவிட்டாராம்.

சென்னையில் வீட்டுக்காரம்மாவிடம் நான் போய்ப் பேசினேன். முத்திரைத்தாளில் பதினோரு மாத ஒப்பந்தம், இதனால் வீட்டில் உரிமை எதுவும் வராது என்று புரியவைக்க மூன்று தடவை போக வேண்டியிருந்தது. கையெழுத்துப் போட்டார். அதை வைத்து ஆதாரில் முகவரி மாற்றினோம். 2021 பிப்ரவரியில் ஊர் அட்டையிலிருந்து மூன்று பெயர்களை நீக்கி, மகனையும் சேர்த்து நான்கு பேருக்குப் புதிய அட்டைக்கு விண்ணப்பித்தோம். இ-சேவை மையத்தில் ஒப்புகைச் சீட்டு வாங்கியபோது மனசு நிறைந்திருந்தது.

பிப்ரவரி 26-ல் தேர்தல் தேதி அறிவித்தார்கள். ஏப்ரல் 6 வாக்குப்பதிவு. விண்ணப்பம் ‘பரிசீலனையில்’ என்று நின்றது. அதற்குள் இரண்டாம் அலை.

மே 7-ம் தேதி புதிய முதல்வர் மு.க.ஸ்டாலின் பொறுப்பேற்ற அன்றே, அரிசி அட்டைக்கு 4,000 ரூபாய், அதில் முதல் தவணை 2,000 மே மாதமே என்று கையெழுத்திட்டார். 2 கோடியே 7 லட்சம் அட்டைகள். ஜூனில் இரண்டாவது 2,000 ரூபாயோடு 14 வகை மளிகைப் பொருள்கள்.

மாமியார் அட்டைக்கு எல்லாம் கிடைத்தது. இவர்கள் நான்கு பேரும் அப்போது எந்த அட்டையிலும் இல்லை.

ஒரு வருடம் முன்பு ‘தப்பான ஊரில்’ ஒரு அட்டையாவது இருந்தது. நான் சரியாகச் செய்வதாக நினைத்துச் செய்ததில் அதுவும் இல்லாமல் போனது. வேறு வழியில் விண்ணப்பிக்க முடியாது என்பது உண்மை. என்றாலும் தேர்தல் நேரத்தில் எல்லாம் மெதுவாகும் என்று யோசித்துச் சில மாதம் தள்ளிப்போட்டிருக்கலாம். இதை அவளிடம் சொன்னேன். “நீங்க என்னக்கா பண்ணுவீங்க” என்றாள். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

ரேஷன் புகார் எண்ணான 1967-க்கு அழைத்தோம். விண்ணப்ப எண்ணைக் குறித்துக்கொண்டு, அட்டை ஒப்புதல் ஆகாமல் எதுவும் செய்ய முடியாது என்றார்கள். இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமும் ஊரடங்கால் இல்லை. அந்த மே மாதத்தை ஓட்டியது அம்மா உணவகமும், அறநிலையத்துறைக் கோயில்களில் கொடுத்த அன்னதானப் பொட்டலமும், அக்கம்பக்கத்து வீடுகளும்தான். மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்காரர்கள் கேட்காமலே சம்பளம் அனுப்பினார்கள். முதல் வருடம் இரண்டு மாதச் சம்பளம் கொடுத்த அதே வீடு.

எதிர் வீட்டில்

தங்கை வீட்டுக்கு எதிரில் இருந்த ஆட்டோ ஓட்டுநர் அந்த மே மாதம் தொற்றில் இறந்துபோனார். இதைத் தனி ஆய்வாகவே எழுதலாம், இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். அவருடைய கல்லூரி படிக்கும் மகள், பரிசோதனை முடிவுத் தாள், சிடி ஸ்கேன் ரிப்போர்ட், மருத்துவமனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஜவுளிக்கடைப் பையில் போட்டு பீரோவில் வைத்திருந்தாள். இறப்புச் சான்றிதழில் கொரோனா என்ற வார்த்தை இல்லை. கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்பதை 2021 அக்டோபர் 4-ல் உச்ச நீதிமன்றம் ஏற்று உத்தரவிட்டது. தொற்று உறுதியான 30 நாளுக்குள் இறந்திருந்தால் கொரோனா மரணமாகக் கொள்ள வேண்டும், சான்றிதழில் எழுதவில்லை என்பதற்காக மட்டும் மறுக்கக் கூடாது, மறுத்தால் மாவட்டக் குழுவிடம் போகலாம் என்பது ஏற்பாடு. அந்தப் பையில் இருந்த பரிசோதனைத் தாள்தான் அவர்களைக் காப்பாற்றியது. சாவு வீட்டில் காரியம் முடிந்ததும் ‘துக்கத்தை ஞாபகப்படுத்தும்’ என்று இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்ட இன்னொரு வீட்டையும் எனக்குத் தெரியும்.

எங்கே கசிந்தது

தமிழ்நாட்டில் ரேஷன் எல்லாருக்கும் பொது என்று இருப்பதன் அருமை அந்த ஏப்ரலில் தெரிந்தது. யார் ஏழை என்று கணக்கெடுத்துக்கொண்டிருக்காமல், அரிசி அட்டை இருக்கிறதா, இந்தா பணம் என்று சில வாரங்களில் இரண்டு கோடி வீடுகளுக்குக் கொடுக்க முடிந்தது. கடை, ஆள், எடைமேடை, பதிவு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. இதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை.

ஆனால் அந்தப் பதிவு ஒரு குடும்பம் ஒரே ஊரில், ஒரே கூரையின் கீழ் இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறது. செங்கத்திலிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் சென்னைக்கு வந்து கட்டட வேலை பார்க்கிறவர்களின் வீடு இரண்டு ஊரில் இருக்கிறது. மாநிலம் தாண்டி வந்தவரைப் பற்றி அரசும் நீதிமன்றமும் பேசின. 2021 ஜூன் 29-ல் உச்ச நீதிமன்றம், புலம்பெயர் தொழிலாளர்களுக்கு உலர் உணவுப் பொருளும் சமுதாயச் சமையற்கூடமும் வேண்டும் என்று தீர்ப்பே சொன்னது. மாவட்டம் தாண்டி வந்தவரை யாரும் புலம்பெயர்ந்தவர் என்று நினைப்பதில்லை. அவர்களும் தங்களை அப்படி நினைப்பதில்லை.

அட்டை இல்லாதவர்களுக்கு வழி காட்டிய இடங்களும் உண்டு. கேரளத்தில் அட்டை இல்லாத குடும்பங்களுக்கு ஆதாரும் உறுதிமொழியும் வைத்து அரிசி கொடுத்தார்கள். டெல்லியில் தற்காலிக இ-கூப்பன் வந்தது, இணையதளம் திணறினாலும் பலருக்குக் கிடைத்தது. இங்கேயும் நிவாரணப் பணத்தை எந்தக் கடையிலும் வாங்கலாம் என்று ஆக்கியிருந்தால் ஜூன் மாதச் சிக்கல் பாதி தீர்ந்திருக்கும். பெயர் நீக்கத்துக்கு ஒரு எளிய திருத்தம் போதும்: புதிய அட்டை ஒப்புதலாகும் அன்றே பழைய அட்டையிலிருந்து பெயர் தானாக விலகட்டும். அதுவரை அந்த ஆள் எங்காவது ஓரிடத்தில் இருக்கட்டும். இடையில் ஒரு நாள்கூட ஒரு குழந்தை எந்த அட்டையிலும் இல்லாமல் இருக்கக் கூடாது.

இன்னொரு பெருந்தொற்றோ வெள்ளமோ வருவதற்குள் நாம் செய்ய முடிந்தவை சின்ன வேலைகள்தான். பிறந்த குழந்தையின் பெயரை அட்டையில் சேர்ப்பது. அட்டையில் இருக்கும் செல் நம்பர் இன்னும் நம்மிடம்தான் இருக்கிறதா என்று பார்ப்பது. கணக்கு ஆதாரோடு இணைந்திருக்கிறதா என்று ஒருமுறை பணம் எடுத்துப் பார்ப்பது, எந்த விரலைக் கருவி எடுக்கிறது என்று தெரிந்துவைப்பது. கட்டட வேலை, வீட்டு வேலை, தையல், சலவை எதுவானாலும் நல வாரியத்தில் பதிவது. கொத்தனார் 2020 கடைசியில் பதிந்துவிட்டார். தங்கையையும் வீட்டுப் பணியாளர் வாரியத்தில் பதிய வைத்தோம்.

புதிய அட்டை 2021 ஜூலை கடைசியில் ஒப்புதலானது. தங்கையின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தபோது அவள் வேலை செய்யும் வீட்டில் இருந்தாள், அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டாள். ஆகஸ்டில் பஸ் ஏறி ஊருக்குப் போனார்கள். மாமியார் ஜூன் மாத மளிகைப் பையைப் பிரிக்காமல் கட்டிலடியில் வைத்திருந்தார். ரவையில் வண்டு விழுந்துவிட்டது. புளி, கடுகு, சீரகம், டீத்தூள், இரண்டு சோப்பு எல்லாம் அப்படியே இருந்தன. “பிள்ளைங்க வந்தா குடுக்கலாம்னு” என்றாராம்.

அட்டை கைக்கு வந்ததும் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள். நான்கு பெயர்கள். மகன் பெயரில் ஒரு எழுத்து தப்பாக அச்சாகியிருந்தது. மறுநாளே இ-சேவை மையத்தில் திருத்தத்துக்குக் கொடுத்தோம், இந்தமுறை பழைய பெயர் அப்படியே இருக்கும்போதே.